டிராக் பந்தயமும் ஒரகடத்துச் சக்கரமும் – சில வரலாற்றுக் குறிப்புகள்

தமிழ் கற்பிப்பவரிடம் டயரைப் பற்றி யோசனை கேட்டு யாரும் வருவதில்லை. சென்ற பருவத்தில் நம்மிடம் ஒருவர் வந்தார். இரண்டாமாண்டு மாணவர். அன்று வகுப்பில் புறநானூற்றில் ஔவையாரின் பாடலொன்றை நடத்தியிருந்தோம். உப்பு வணிகர்கள் மேடும் பள்ளமுமான நெடுவழியில் போகிறவர்கள். வழியில் அச்சு முறிந்தால் என்செய்வது என்று வண்டியின் அடியில் ஒரு சேம அச்சைக் கட்டிக்கொண்டு புறப்படுவார்கள் என்ற செய்தி அதில் வருகிறது. மாணவர்களுக்குப் புரியட்டும் என்று "அக்காலத்து ஸ்டெப்னி" என்றோம். வகுப்பு சிரித்தது. வகுப்பு முடிந்ததும் அந்த மாணவர் மட்டும் பின்தங்கி நின்று கேட்டார்: "ஐயா, எங்க அப்பா கார்ல டிராக் ஓட்டணும். நல்லா கிரிப் கிடைக்க எந்த டயர் போடலாம்?"

எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்று கேட்டோம். பதில் உடனே வரவில்லை. அந்தத் தயக்கத்தின் பொருள் நமக்குத் தெரியும். நமது கல்லூரி ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் அதிக தூரத்தில் இல்லை. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இடம் ஒரகடம். பகலில் கன்டெய்னர் லாரிகளும் தொழிற்சாலைப் பேருந்துகளும் நிறைந்திருக்கும் அகன்ற சாலைகள், ஷிப்டு மாறும் நேரங்கள் கழிந்த பின்னிரவில் வெறிச்சோடிக் கிடக்கும். நேரான, அகலமான, ஆளற்ற சாலையைக் கண்டால் இருபது வயதுக்கு என்ன தோன்றும் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் படித்த மற்றொரு மாணவர், யாரோ பந்தயக்காரர் கழித்துப்போட்ட மென்ரப்பர் டயர் இரண்டை வாங்கி முன்சக்கரங்களில் மாட்டிக்கொண்டு இப்படியொரு சாலையில் ஓட்டினார். ஐப்பசியின் முதல் மழை பெய்து ஓய்ந்திருந்த இரவு. அவர் பிழைத்தார். தொடையெலும்பில் கம்பி வைத்தார்கள். பருவத் தேர்வு எழுத வரவில்லை, பிறகும் வரவில்லை. மருத்துவமனைப் படுக்கையில் அவர் சொன்ன ஒரு வாக்கியம் நம்மை விட்டுப் போகவில்லை: "முந்தின ராத்திரி நல்லாப் புடிச்சுதுங்கய்யா."

ஆகவே இந்தப் புதிய மாணவருக்கு "அதெல்லாம் கூடாது" என்று ஒற்றை வரியில் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. கூடாது என்பதை அவருக்கு வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். முந்தின இரவு பிடித்த டயர் மறுநாள் ஏன் பிடிக்கவில்லை என்பதைத்தான் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நாம் பொறியாளர் அல்லர். நமக்குப் பழக்கமான வழி வரலாறு. சில வாரங்கள் தேடிப் படித்ததைத் தொகுத்து எழுதியது இது. அவருக்காகத் தொடங்கினோம், இதில் நம் எல்லோருக்குமான செய்திகள் கொஞ்சம் இருப்பதாகப் பின்னர் தோன்றியது.

*

டிராக் பந்தயம் என்பதை 'இழுவைப் பந்தயம்' என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. சொல் பொருந்தினாலும் பொருள் பொருந்தவில்லை. இதில் எதையும் இழுப்பதில்லை. நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, திருப்பமே இல்லாத ஒரு நேர்கோட்டை யார் முதலில் கடக்கிறார் என்பதே போட்டி. மரபான தூரம் கால் மைல், அதாவது ஏறத்தாழ 402 மீட்டர். அமெரிக்காவில் இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பிய இளைஞர்கள் பழைய கார்களைப் பிரித்துப் பூட்டி, கைவிடப்பட்ட விமான ஓடுபாதைகளிலும் ஊர்ச் சாலைகளிலும் ஓட்டத் தொடங்கினார்கள். சாலைகளில் உயிர்கள் போயின. ஓட்டுபவர்களைச் சாலையிலிருந்து களத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்ற நோக்கத்தோடு 1951இல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். இந்த விளையாட்டின் முதன்மை அமைப்பே இப்படி ஒரு கவலையில்தான் பிறந்தது என்பதை மனத்தில் இருத்திக்கொள்வோம்.

நம்மிடம் இதற்கு நேர் உறவு ஒன்று உண்டு. கொங்கு நாட்டு ரேக்ளா பந்தயம். 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரம் வகுத்து, ஒவ்வொரு வண்டியாக விட்டு, கடந்த நேரத்தைக் குறிக்கிறார்கள். நேர்கோடு, குறுந்தூரம், நொடிக்கணக்கு என மூன்றும் அப்படியே டிராக் பந்தயத்தின் இலக்கணம். ஆனால் ஒரு வேறுபாடு முக்கியமானது. ரேக்ளாவில் சக்கரம் வெறுமனே உருளும். அதற்குப் பிடிப்பு தேவையில்லை. மண்ணைப் பற்றி உந்துவது காளையின் குளம்பு. சக்கரம் எவ்வளவு வழுக்கலாக உருண்டாலும் நல்லதுதான்; குளம்பு வழுக்கினால்தான் கேடு. மோட்டார் காரில் இவ்விரண்டு வேலைகளும் ஒரே பொருளின் தலையில் வந்து விழுகின்றன. உருள வேண்டியதும் சக்கரம். தரையைப் பற்றி உந்த வேண்டியதும் அதே சக்கரம். டயரின் வரலாறு முழுவதும் இந்த இரு வேலைகளுக்கும் இடையிலான சண்டையின் வரலாறு என்று சொல்லலாம்.

*

டயர் ரப்பரால் ஆனது. அந்த ரப்பரின் கதையில் நமக்குப் பங்கு பெரிது.

1839இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் வழியைக் கண்டார். அதற்கு முன் ரப்பர் கோடையில் இளகும், குளிரில் விறைக்கும், எதற்கும் உதவாது. 1845இல் ஸ்காட்லாந்தின் ராபர்ட் தாம்சன் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். காலம் அவரை மறந்தது. 1888இல் ஜான் டன்லப் மீண்டும் கண்டுபிடித்தபோது சைக்கிள் பரவியிருந்தது. பின்னாலேயே மோட்டார் கார் வந்தது. உலகத்துக்கு ரப்பர் பசி எடுத்தது.

1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசேர்த்தார். மிகச் சிறு பகுதியே முளைத்தது. அந்த நாற்றுகளில் பெரும்பங்கு இலங்கைக்கு வந்தது. பின்னர் மலாயாவில் ரப்பர் வேரூன்றியது. மரங்கள் வந்த பின் ஆட்கள் தேவைப்பட்டார்கள். கங்காணிகளின் பின்னால் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்களில் நம் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர். விடியுமுன் எழுந்து பட்டையைக் கீறி, கொட்டாங்கச்சியில் வடிந்த பாலைச் சேர்த்து, ஆலைக்குச் சுமந்த அந்தக் கைகளின் உழைப்பில்தான் உலகின் முதல் மோட்டார் தலைமுறை உருண்டது.

இலக்கிய வாசகர்களுக்கு இங்கே இரண்டு நாவல்கள் நினைவுக்கு வரும். ஒன்று, மலேசியத் தோட்டத் தமிழரைப் பற்றி அகிலன் எழுதிய 'பால்மரக் காட்டினிலே'. மற்றொன்று, குமரி மாவட்டத்தில் ரப்பர் நுழைந்து நிலத்தையும் மனிதரையும் மாற்றிய கதையைச் சொல்லும் ஜெயமோகனின் 'ரப்பர்'. பின்னது 1990இல் அகிலன் நினைவுப் பரிசு பெற்றது என்பது ஓர் அழகான பொருத்தம். தமிழ் நாவல் ரப்பர் மரத்தை இரண்டு முறையாவது நின்று பார்த்திருக்கிறது. மரத்திலிருந்து இறங்கிய ரப்பர் பிறகு என்ன ஆனது என்பதை அது பார்க்கவில்லை. அந்தப் பிற்பாதிக் கதை நடந்தது, நடந்துகொண்டிருப்பது, சென்னையைச் சுற்றி.

*

1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கினார். 1952இல் அவரது நிறுவனம் டிரெட் ரப்பருக்கு மாறியது. தேய்ந்த டயரின் மேல் புதுப் பட்டை ஒட்டி மறுபடி ஓடவைக்கும் ரப்பர் அது. அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்தின் கூட்டுறவோடு முழு டயர் வந்தது 1961இல். எம்.ஆர்.எஃப். என்ற மூன்றெழுத்தின் முன்கதை இது.

இதே 1950களில் கலிபோர்னியாவின் பந்தய இளைஞர்களும் பழைய டயருக்கு மறுபட்டை ஒட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது நமக்கு வியப்பளித்தது. தொழில்நுட்பம் ஒன்றே, நோக்கம் நேர் எதிர். இங்கே லாரி முதலாளிக்கு இன்னும் சில ஆயிரம் மைல் ஓட வேண்டும். ஆகவே கெட்டியான ரப்பர், ஆழமான வரிப்பள்ளம். அங்கே பந்தயக்காரனுக்குப் பத்துப் பதினைந்து நொடி பிடித்தால் போதும். ஆகவே மென்மையான ரப்பர், வரியே இல்லாத மொழுமொழுப்பு. நம்மூரில் 'மொட்டை டயர்' என்று பழிக்கப்படும் அதே உருவம் அங்கே விரும்பிச் செய்யப்பட்டது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் டிராக் பந்தயத்துக்கென்றே தனியாக வார்க்கப்பட்ட மொட்டை டயர்களும் கடைக்கு வந்துவிட்டன.

மொட்டை எப்படிப் பிடிக்கும்? பள்ளிக்கூட இயற்பியல் நமக்குக் கற்பித்த உராய்வு விதி, தொடும் பரப்பைப் பொறுத்து உராய்வு மாறாது என்கிறது. மரத்துக்கும் இரும்புக்கும் அது சரி. ரப்பர் அந்த விதிக்கு அடங்காத பிள்ளை. அது தரையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் புகுந்து ஒட்டுகிறது. ஒட்டியதைப் பிய்க்கும்போது ஒரு விசை தேவை. மேடுகளின் மேல் நெளிந்து மீளும்போது முழு ஆற்றலையும் திருப்பித் தராமல் ஒரு பகுதியை வெப்பமாக விழுங்குகிறது, அதுவும் தடையாகிறது. ரப்பரின் உராய்வு அதன் நெகிழ்தன்மையோடும் வெப்பநிலையோடும் எப்படிப் பிணைந்திருக்கிறது என்பதை 1963இல் குரோஷ் என்ற அறிவியலாளர் ஆய்வில் நிறுவினார். காய்ந்த, தூய்மையான தரையில் மென்மையான ரப்பரின் முழுப் பரப்பும் படிந்தால் பிடிப்பு மிகும். வரிப்பள்ளம் இருப்பது பிடிப்பதற்காக அன்று, நீரை வெளியேற்றுவதற்காக. தரை நனைந்தால் பள்ளமற்ற டயருக்கும் சாலைக்கும் நடுவே நீர்ப்படலம் புகுந்து, கார் தண்ணீர்மேல் மிதக்கும். நம் பழைய மாணவரின் இரண்டு இரவுகளுக்கும் இடையே நடந்தது இதுதான். டயர் மாறவில்லை; தரை மாறிவிட்டது.

உராய்வுக் கெழு 1 என்று வைத்துக்கொண்டு காரின் முழு எடையும் உந்தும் சக்கரங்களின் மேல் இருப்பதாகக் கணக்கிட்டால், 402 மீட்டரைக் கடக்க ஒன்பது நொடிக்குக் குறையாது. இன்றைய உச்சநிலை டிராக் வாகனங்கள் 305 மீட்டரை நான்கு நொடிக்குள் கடந்து மணிக்கு 530 கிலோமீட்டருக்கு மேல் வேகம் எடுக்கின்றன. காற்றால் அழுத்தும் இறக்கைகள், சுழன்று சூடேறிய ரப்பர், பிசின் தெளித்த களம் மூன்றும் சேர்ந்து செய்யும் வேலை அது. ஆபத்து கருதித்தான் 2008இல் அந்த வகை வாகனங்களுக்குத் தூரத்தைக் கால் மைலிலிருந்து 1,000 அடியாகக் குறைத்தார்கள். அதற்குச் சில நாள் முன்பு ஸ்காட் கலிட்டா என்ற ஓட்டுநர் களத்திலேயே இறந்திருந்தார்.

*

தமிழ்நாட்டில் மோட்டார் பந்தயத்தின் தாய்வீடு சோழவரம். உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதை; போர் முடிந்ததும் கைவிடப்பட்டது. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயக் களமாக்கியது. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள், செங்குன்றத்துக்கு அப்பால் அந்தக் கான்கிரீட் பரப்பில் நாட்டின் பந்தயக்காரர்கள் கூடினார்கள். விஜய் மல்லையா ஃபார்முலா ஒன் காரைக் கொண்டுவந்து ஓட்டியதும், கோவையின் கரிவரதன் தம் கையால் கார் கட்டிக் கொண்டுவந்ததும் அங்கேதான். அமெரிக்கக் கதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: போர், ஓடுபாதை, பழைய கார்கள், கைவேலை. கடல் கடந்தும் மனித ஆசை ஒரே தடத்தில்தான் ஓடியிருக்கிறது. சோழவரத்தைப் பற்றி ஆங்கில நாளேடுகள் பத்தி பத்தியாக எழுதின. வடசென்னையிலிருந்து சைக்கிளில் போய் வெயிலில் நின்று பார்த்தவர்களின் நினைவுகள் தமிழில் ஒரு நூலாக நம் கைக்குக் கிட்டவில்லை. அவர்களில் இன்று இருப்பவர்களும் எழுபதைக் கடந்தவர்கள்.

1990இல் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்கு இடம்பெயர்ந்தது. கிளப்புக்குச் சொந்தமான நிலத்தில் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிரந்தரக் களம் அமைந்தது. அப்போது சுற்றிலும் பொட்டலும் ஏரிகளும்தான். தொழில் பின்னால் வந்தது. 1996இல் ஹூண்டாய் அதே இருங்காட்டுக்கோட்டையில் அடிக்கல் நாட்டி, 1998இல் முதல் சான்ட்ரோவை வெளியே விட்டது. 2010இல் ரெனோ–நிசான் ஒரகடத்தில் தொடங்கியது. டயர்களும் தொடர்ந்தன: 2010இல் ஒரகடத்தில் அப்போலோ, 2012இல் ஸ்ரீபெரும்புதூரில் ஜே.கே., 2020இல் அதே வட்டாரத்தில் சியட். வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் மத்திய அரசின் ஆய்வு மையமும் ஒரகடத்தில் உள்ளது. இராமானுசர் அவதரித்த ஊரைச் சுற்றி இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் நாட்டின் சக்கரங்களில் ஒரு பெரும்பங்கு வார்க்கப்படும் நிலை வந்தது.

இதை எண்ணும்போது ஒரு முரண் உறுத்துகிறது. இந்த வட்டாரத்தில் கார் செய்கிறார்கள், டயர் செய்கிறார்கள், அவற்றைச் சோதிக்கத் தடம் இருக்கிறது, பந்தயம் விடக் களமும் இருக்கிறது. நம்மிடம் கேள்வி கேட்ட மாணவரின் தந்தை டயர்த் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. வார்ப்பதற்கு முந்தைய வரியற்ற டயரை அங்கே 'கிரீன் டயர்' என்பார்களாம். அதை அச்சில் இட்டு நீராவியில் வேகவைத்து எடுக்கும்போதுதான் வரிகள் பதிகின்றன. ஒரு ஷிப்டில் நூற்றுக்கணக்கான டயர்கள் அவர் கையால் நகர்கின்றன. அவர் மகனுக்கோ டயரின் பக்கத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துச் சொல்ல ஆளில்லை. ஓட்டிப் பார்க்கக் களம் சில கிலோமீட்டரில் இருந்தும் நள்ளிரவுச் சாலைதான் அவருக்குத் தெரிந்த களம்.

*

இனி, கேட்ட கேள்விக்கு நேராக வருவோம். எழுத்தைப் படிப்பது நம் தொழில் என்பதால் டயரின் பக்கத்து எழுத்திலிருந்தே தொடங்கலாம். 195/55 ஆர் 16 87 வி என்று இருந்தால், அகலம் 195 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 55 விழுக்காடு. உள்வட்டம் 16 அங்குலம். ஒரு டயர் தாங்கும் எடை 545 கிலோ. வேக வரம்பு மணிக்கு 240 கிலோமீட்டர். 'வி' என்ற எழுத்தைக் கண்டு நன்றாகப் பிடிக்கும் என்று எண்ணுவது பிழை. அது தாங்கும் வேகத்தைச் சொல்கிறது. பிடிப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. ரப்பர் வயதேற இறுகும். வரி ஆழமாக இருந்தும் பிடிக்காத டயருக்குக் காரணம் பெரும்பாலும் இந்த நான்கு இலக்கத்தில் இருக்கும். பழைய டயர் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது இது.

அமெரிக்க முறைப்படி தேய்மான எண் ஒன்றும் சில டயர்களில் உண்டு. 100 என்பது அடிப்படை. 400 என்றால் கணக்கின்படி அதைப்போல் நான்கு மடங்கு உழைக்கும். பிடிப்புக்கென்று செய்த சாலை டயர்கள் 200 அளவிலும் அதற்குக் கீழும் நிற்கும். டிராக் பந்தயத்துக்கான ரேடியல்கள் சுழியம் வரைகூட இறங்கும். ஒவ்வொரு நிறுவனமும் தன் டயருக்குத் தானே தரம் இடுவதால் இரு நிறுவனங்களின் எண்களை அப்படியே ஒப்பிடுவதற்கில்லை. அருகில் ஏஏ, ஏ, பி, சி என்று பிடிப்புத் தரமும் இருக்கும். அது நனைந்த தரையில் நேராகப் பிரேக் போடும்போது கிடைக்கும் பிடிப்பு. காய்ந்த தரையில் புறப்படும்போது எப்படி இருக்கும் என்பதை அது சொல்லாது. சொல்லுக்கு அகராதிப் பொருள் ஒன்று, வழக்குப் பொருள் ஒன்று என்று வகுப்பில் சொல்வோம் அல்லவா, அதுபோல.

அடுத்தது காரின் அமைப்பு. நம்மூர்ச் சிறு கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரத்தால் உந்தப்படுபவை. புறப்படும் வேகத்தில் எடை பின்னால் சாயும். உந்த வேண்டிய முன்சக்கரம் இலேசாகும். ஓர் உத்தேசக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். முன்பக்கம் 60 விழுக்காடு எடையுள்ள கார். உராய்வுக் கெழு 0.9இலிருந்து 1.2 ஆக, அதாவது மூன்றில் ஒரு பங்கு, உயர்கிறது. புறப்படும் முடுக்கம் 27 விழுக்காடுதான் கூடுகிறது. முன்னும் பின்னும் சம எடையுள்ள பின்சக்கர உந்துதல் காரில் அதே டயரால் 45 விழுக்காடு கூடுகிறது. அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்து வாங்கும் டயர் இங்கே ஏமாற்றுவதற்கு இது ஒரு காரணம். அவர்கள் பின்சக்கரத்தில் மாட்டுகிறார்கள். நாம் முன்சக்கரத்தில் மாட்டுகிறோம். முன்சக்கரம் உந்துவதோடு நிற்பதில்லை. திருப்புவதும் அதுவே, பிரேக்கின் பெரும்பங்கைத் தாங்குவதும் அதுவே. அங்கே பிடிப்பு போனால் எல்லாம் ஒருசேரப் போகும்.

மூன்றாவது, பிடிப்பு கூடினால் சுமை வேறிடம் தேடும். டயர் வழுக்குவது ஒரு வகையில் காவல். அது வழுக்காதபோது கிளட்சும் அச்சுத் தண்டும் அந்த விசையை வாங்குகின்றன, பலவீனமானது முறிகிறது. ஔவையார் பாடலின் உமணர்கள் சக்கரத்துக்கு மாற்று வைக்கவில்லை, அச்சுக்கு வைத்தார்கள் என்பதை இங்கே மாணவர் நினைத்துக்கொள்ளலாம்.

நான்காவது, தரை. பந்தயக்காரர்கள் ஓடுவதற்கு முன் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றுவது வேடிக்கைக்காக அன்று. மேல்தோலைச் சுரண்டி ரப்பரைச் சூடாக்க. காற்றழுத்தத்தைக் குறைப்பதும் டிராக் டயருக்கென்றே செய்த நெகிழ்ந்த பக்கச்சுவருக்குத்தான் பொருந்தும். சாதாரண டயரில் அதைச் செய்தால் விளிம்பு ரிம்மை விட்டுக் கழலலாம். பெருக்கித் துடைத்துப் பிசின் தெளித்த களத்தில் பிடிக்கும் மென்ரப்பர், லாரி சிந்திய மணலும் டீசலும் படிந்த ஒரகடம் சாலையில் தூசியைத்தான் பிடிக்கும்.

ஐந்தாவது, சட்டம். மத்திய மோட்டார் வாகன விதிப்படி காரின் டயரில் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மொட்டை டயர் சாலைக்கு ஆகாது. இங்கே விற்கும் டயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். 2020இல் டயர் இறக்குமதியும் உரிமத்துக்கு உட்பட்டது. ஆகவே வெளிநாட்டு டிராக் டயர் கைமாறி வரும்போது முத்திரையும் வயதும் ஐயத்துக்குரியவை. அனுமதியின்றிச் சாலையில் பந்தயம் விட்டால், 2019இல் திருத்தப்பட்ட சட்டப்படி முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால் கிடைக்கும் விடை எளியது. சாலைக்குச் சாலை டயர்: வயது குறைந்தது, நான்கும் ஒரே வகை, மழையில் பிடிப்பது. களத்துக்குக் களத்தின் டயர்: தனி ரிம்மில் மாட்டிப் பின்னிருக்கையில் ஏற்றிச் செல்வது, அங்கே மாட்டி, அங்கேயே கழற்றி, பழைய டயரில் வீடு திரும்புவது. இரண்டு வேலையையும் ஒரே டயரிடம் கேட்பவர், முதலில் இழப்பது மழைநாளை.

*

டயரைத் தேர்வதில் தமிழர் ஒருவர் சம்பந்தப்பட்ட வரலாற்று நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2005 ஜூன் 19. அமெரிக்காவின் இண்டியனாபொலிஸில் ஃபார்முலா ஒன் பந்தயம். அந்தக் களத்தின் சரிந்த கடைசித் திருப்பத்தைத் தன் டயர்கள் தாங்கும் என்று உறுதிசொல்ல முடியாது என மிஷ்லின் நிறுவனம் பயிற்சியின்போதே அறிவித்தது. உலகின் மிகச் சிறந்த ஓட்டுநர்கள் உட்பட 14 கார்கள் அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் கொட்டகைக்குத் திரும்பிவிட்டன. லட்சம் பேருக்கு முன்னால், பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. கோவையின் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்தார். ஃபார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் புள்ளிகள் அவை.

நாம் வழக்கமாக நரேனின் நான்காம் இடத்தைக் கொண்டாடுவோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் வகுப்பறையில் நிற்பவர்களுக்கு அந்தப் பதினான்கு பேரும் முக்கியமானவர்கள். கூட்டம் கூச்சலிட்டது, பாட்டில்கள் பறந்தன, கோடிகள் இழப்பு. ஆனாலும், இந்த டயர் இந்தத் தரைக்கு ஆகாது என்று தெரிந்தபின் அவர்கள் ஓட்டவில்லை. ஓட்டத் தெரியாதவர்கள் என்று அவர்களை எவரும் சொல்லவில்லை.

*

இதைத் தாளில் எழுதி மாணவரிடம் கொடுத்தோம். மரத்தடியில் உட்கார்ந்து முழுதும் படித்தார். ரேக்ளா பகுதியில் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். படித்து முடித்ததும் அவர் கேட்டது: "ஐயா, இருங்காட்டுக்கோட்டைல எங்கள மாதிரி ஆளுங்களையும் விடுவாங்களா?"

இருங்காட்டுக்கோட்டைக் களத்தில் மோட்டார் சைக்கிள்களுக்கான தேசிய டிராக் போட்டிகள் நடந்திருக்கின்றன. உரிமம், தலைக்கவசம், நுழைவுக் கட்டணம், வண்டிச் சோதனை என்று முறைகள் உண்டு. விசாரித்துச் சொல்கிறோம் என்றோம். விசாரித்தும் கொண்டிருக்கிறோம். ஒரு சங்கம் 1951இல் தன் ஊர்ப் பிள்ளைகளைச் சாலையிலிருந்து களத்துக்கு அழைத்துச்சென்றது போல, டயர் செய்யும் ஊரின் பிள்ளைகளுக்கு ஆண்டில் சில ஞாயிற்றுக்கிழமைகளாவது அந்த நேர்கோட்டைத் திறந்துவிட முடியாதா என்பதுதான் நம் கேள்வி. அதைக் கேட்கத் தமிழாசிரியருக்கு என்ன தகுதி என்று சிலர் நினைக்கலாம். அந்தப் பிள்ளைகளின் வருகைப் பதிவேடு நம் கையில் இருக்கிறது என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை.

புறப்படுமுன் அவரிடம் அவருடைய காரின் டயரில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பார்த்து வரச் சொன்னோம். மறுநாள் வந்து சொன்னார். ஒன்பது வருடப் பழைய டயர். "அப்பாகிட்ட சொன்னேங்கய்யா. முதல்ல அத மாத்தணும்னாரு."